அப்பா ஓய்வு கொடுத்த வியாழக்கிழமை

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்று ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நாள் பார்த்து யாரும் அனுப்பியதல்ல. தபால் இழுத்தடித்து அந்த நாளில் கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் ஊர் யட்டியாந்தோட்டைக் கடையொன்றின் பழைய பிஸ்கட் பெட்டி, அதற்குள் மிளகு, கறிக்குப் புளியாகப் போடும் கொறக்கா, என் மகள் நிவிக்கு ஒரு கவுன். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு மீன்.

ஊர் ஆஸ்பத்திரி வாட்டில் யாருக்காவது துணை நின்றிருந்தால் உங்களுக்கு அந்த மீனைத் தெரிந்திருக்கும். சேலைன் ஏற்றி முடிந்ததும் டியூபைக் கேட்டு வாங்கி, கழுவி, நீளவாட்டில் கீறி, மையில் ஊறவைத்துப் பின்னுவார்கள். மீன் வரும், பொம்மை வரும், சாவிக்கொத்து வரும். என் பள்ளிப் பையிலும் ஒன்று தொங்கியது. கணக்குப் பாடத்தில் விடை வராதபோதெல்லாம் அதன் வாலைத்தான் கடித்தேன்.

இந்த மீனைப் பின்னியவர் என் அப்பா. ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வியாதி முற்றி, ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. திங்களும் வியாழனும் தம்பி ரமேஷ் தன் த்ரீவீலரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். டயலிசிஸ் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ரத்தம் கழுவப் போகிறார் என்றுதான் சொல்வோம். முறை வரும்வரை வாங்குப் பலகையில் காத்திருக்கும் நேரத்தில் அப்பா பின்னப் பழகிக்கொண்டார்.

நிவிக்கு நாலு வயது. மீனைப் பார்த்ததும் கூச்சலிட்டாள். இரண்டு முறை காற்றில் நீந்தவிட்டாள். மூன்றாவது முறை வாலை வாயில் வைத்தாள்.

நான் பறித்த வேகத்தில் அவள் உதடு சிவந்துவிட்டது.

"இட்ஸ் மைன்! தாத்தா கேவ் மீ!" என்று அழுதாள். தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அழுகையும் இப்போது ஆங்கிலத்தில்தான் வருகிறது.

2

பறித்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நிவியின் நர்சரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் ஒரு வகை வாத்துப் பொம்மையைக் கடைகள் திரும்பப் பெறுகின்றன. அதில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் இரசாயனம் அனுமதித்த அளவுக்கு மேல் இருக்கிறது. வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

வீட்டில் இருந்தது. பல் முளைத்த காலத்தில் நிவி அதன் அலகைத் தின்றே முடித்திருந்தாள்.

அன்றிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். படித்த பெண், வாசித்தால் தெளிவு வரும் என்று நினைத்தேன். வாசிக்க வாசிக்கச் சந்தேகம்தான் கூடியது. அந்த இரசாயனக் குடும்பத்துக்குத் தாலேட் என்று பெயர். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் தன் இயல்பில் தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. எண்ணெய் போன்ற இந்தப் பொருளைக் கலந்த பிறகுதான் அது வளையும். கலந்தது அதோடு ஒட்டிக்கொண்டு இருந்துவிடுவதில்லை. சூடு பட்டால், கொழுப்பு பட்டால், வாயில் வைத்துச் சப்பினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உடம்பின் ஹோர்மோன்களைக் குழப்பக்கூடும், வயிற்றில் உள்ள சிசுவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு பட்டால் எவ்வளவு கெடுதல் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி மழுப்புகிறார்கள். அந்த மழுப்பல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ரப்பர்க் காட்டில் பிறந்தவளுக்கு இது விளங்கவே நேரம் பிடித்தது. எங்கள் மரத்துப் பால் யாரும் எதுவும் கலக்காமலே இழுபடும். சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து உருட்டித்தான் நாங்கள் பந்து விளையாடினோம். மெதுவாக இருக்கும் பொருளெல்லாம் அப்படித்தான் பிறக்கிறது என்று நம்பியிருந்தேன்.

வீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். பொம்மைகள், குளியலறைத் திரை, மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். என் மூக்கு ரப்பர்த் தொழிற்சாலையின் அமோனியாவும் அசிட்டும் புகைக்கூடமும் பழகிய மூக்கு. புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்பு வாசனை தனியாகத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்தேன்.

"உன்னைய ஏர்போட்ல நாய்க்குப் பதிலா நிறுத்தலாம்" என்றார் கணவர். அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். வேலையால் வந்ததும் சோபாவில் சாய்ந்தபடி நான் மோப்பம் பிடிப்பதை வேடிக்கை பார்த்தார்.

"மம்மி, டோன்ட் ஸ்மெல் மை திங்ஸ்!" என்றாள் நிவி.

டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று கிளினிக்குக்கு அழைத்தேன். இந்த நாட்டில் டாக்டரை அடைவதற்கு முன் ஒரு இயந்திரத்தையும், அதன் பிறகு ஒரு வரவேற்பாளரையும் கடக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் பியானோ கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். மென்மையாக்கும் திரவம் பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். துணி துவைக்கும்போது ஊற்றுவார்களே, அதை நினைத்துக்கொண்டார்.

"எவ்வளவு குடித்தாள்?"

"சரியாகத் தெரியாது. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக."

உடனே தாதி ஒருவருக்கு இணைப்பு மாறியது. நான்கு பேரிடம் மாறி மாறி விளக்கிய பிறகு கிடைத்த பதில் இதுதான்: வாத்தைத் தூக்கிப் போடுங்கள், பிள்ளை நன்றாக இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

நன்றாக இருக்கிறாள் என்பதை எதை வைத்துச் சொல்வது என்று யாரும் சொல்லவில்லை.

3

மீன் வந்தது ஒரு சனிக்கிழமை. அதற்குள் நான் ஒன்று வாசித்திருந்தேன்: ஆஸ்பத்திரி டியூப்களிலும் இரத்தப் பைகளிலும் பல இன்னும் அதே பொருளால்தான் மென்மையாக்கப்படுகின்றன. ஞாயிறு காலை அப்பாவுக்கு அழைத்தேன்.

"அப்பா, அந்த மீன நீங்க வாயில கீயில வச்சீங்களா?"

"மீன வாயில வைக்காம வேற எங்க தாயி வைக்கிறது?"

"விளையாடாதீங்கப்பா. அந்த டியூப்பு மெதுவா இருக்கிறதுக்கு ஒரு மருந்து கலக்குறாங்க. அது கொஞ்சங் கொஞ்சமா வெளிய வருது. ஒடம்புக்குக் கூடாதாம்."

"அது ரத்தம் போன டியூப்பு இல்ல. சேலைன் மட்டுந்தான் போனது. அட்டெண்டன்கிட்ட கேட்டு வாங்கினேன். நல்லா சுடுதண்ணியில போட்டு எடுத்துட்டுத்தான் பின்னினேன்."

"சுடுதண்ணியில போட்டா இன்னும் கூட வரும்பா."

பின்னால் கோழி கொக்கரித்தது. அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எனக்கு மாட்டுற டியூப்பு?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். 'தெரியாதுப்பா' என்ற ஒரு சொல் போதும். ஆனால் வாசித்ததை ஒளிப்பது பாவம் என்று தோன்றியது. அப்பாதானே எங்களைப் படிக்க வைத்தார்.

"அதுவும் அப்படித்தான் இருக்கும்பா. நர்ஸ் மிஸ்கிட்ட கேட்டுப் பாருங்க."

"ஒடம்புக்குள்ள போனா அங்கேயே தங்கிடுமா?"

"தங்காதாம். நடுவுல படாம இருந்தா ஒடம்பு அதத் தானா வெளியேத்திடுமாம். திரும்பத் திரும்ப படுறதுதான் கூடாதுங்கிறாங்க."

"ஓ" என்றார் அப்பா. "படாம இருந்தா போயிடும்."

"ஆமாப்பா."

சிறுநீரகம் வேலை செய்யும் உடம்பைப் பற்றித்தான் நான் வாசித்திருந்தேன். அப்பாவிடம் அந்த உடம்பு இல்லை என்பது அப்போது என் மூளையில் உறைக்கவே இல்லை.

4

அடுத்து நடந்தது உங்களுக்கு விளங்க, ரப்பர் மரம் வெட்டும், அதாவது பாலுக்காகப் பட்டையைக் கீறும், முறையைச் சொல்ல வேண்டும். தேயிலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

ரப்பர் மரத்தைத் தினமும் வெட்டக்கூடாது. இன்று இந்தக் காடு என்றால் நாளை அடுத்த காடு. வெட்டிய மரத்துக்கு அடுத்த நாள் ஓய்வு. ஓய்வு நாளிலும் கத்தி வைத்தால் மரம் முதலில் கூடுதலாகப் பால் கொடுக்கும். பிறகு பட்டை வறண்டு, எத்தனை முறை கீறினாலும் சொட்டு வராது. அப்பாவின் வேலையில் பாதி, ஓய்வில் இருக்கும் மரத்தில் யாரும் கை வைக்காமல் பார்ப்பது. "இன்னைக்கு அது லீவுல இருக்கு, கத்திய மடக்கு" என்று அவர் சத்தம் போடுவது சரிவுக்குக் கீழே எங்கள் லயத்து வரிசை வீடு வரை கேட்கும். வறண்டுபோன மரத்தையும் அவர் விடமாட்டார். சிவப்புப் பூச்சால் ஒரு கோடு இழுத்து, மாதக் கணக்கில் சும்மா விடுவார். பாதிக்கு மேல் மரங்கள் மறுபடியும் பால் சுரந்தன என்று பெருமையாகச் சொல்வார்.

ஓய்வு கொடுத்தால் உள்ளே இருக்கும் கெடுதல் தானாக வடிந்துவிடும். முப்பத்தைந்து வருடம் அவர் கண்ணால் பார்த்த உண்மை அது. ஆங்கிலம் படித்த மகளும் போனில் அதையேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை அப்பா போனார். டியூபைக் காட்டித் தாதியிடம் ஏதோ கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "சீயா, கையை ஆட்டாம இருங்க" என்றாராம். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. அதுதான் அப்பாவின் சந்தேகத்தை உறுதியாக்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று இங்கே நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை தம்பி வண்டியை எடுத்தபோது அப்பா, "மெஷின் பழுதாம். திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க" என்றார். அப்பா பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. தம்பி நம்பிவிட்டான்.

5

சனிக்கிழமை காலை. நான் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 3 என்றிருந்தால் பி.வி.சி. அதை வாங்குவதில்லை. 5 என்றிருந்தால் பரவாயில்லை என்றார்கள். நான் 5ஐயும் சந்தேகித்தேன். போன் அடித்தது.

"அக்கா, நீ அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"என்ன ரமேஷ்? அப்பாவுக்கு என்ன?"

"நீ மொதல்ல சொல்லு, என்ன சொன்ன?"

அவன் மூச்சு வாங்கியபடி சொன்னதைக் கோத்துப் பார்த்தேன். இரண்டு நாளாக அப்பாவுக்குக் கால் வீங்கியது. நேற்று முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். இன்று மூச்சு எடுக்க முடியவில்லை. வண்டியில் கொண்டுவரும் வழியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்க. நெஞ்சு முழுக்கத் தண்ணியாம். ஏன் வரலன்னு மிஸ் கத்துறாங்க. இவரு இழுத்து இழுத்துச் சொல்றாரு, நடுவுல ஓய்வு குடுத்தா மருந்து எறங்கிடும், மகள் சொன்னிச்சுன்னு."

"நான் அப்படிச் சொல்லல ரமேஷ். நான் சொன்னது…"

"சொன்னியா, இல்லையா?"

கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தினேன்.

"அங்க ஒக்காந்துக்கிட்டு வாசிச்சு வாசிச்சு இங்க அனுப்பாத அக்கா. இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், தூக்கிக்கிட்டு ஓட."

போன் கட்டானது. பெட்டியைக் கையில் வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைப் பணியாளர் ஒருவர் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். "யெஸ், யெஸ்" என்று வந்தது. அவர் அதே பெட்டியின் பெரிய அளவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலு மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லை. பறித்த மீன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. அந்த நாலு மணி நேரமும் நான் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான்: யாராவது அந்த டியூபை அப்பாவின் கையில் மாட்ட வேண்டும். எந்த டியூப் என்று கேட்கவில்லை. எதைக் கலந்து செய்தது என்றும் கேட்கவில்லை.

தம்பியின் குரல் பதிவு வந்தது. "மாட்டிட்டாங்க. ஓடுது."

6

திங்கட்கிழமை தம்பி வீடியோவில் அப்பாவைக் காட்டினான். முகம் சுருங்கி, கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. நான் அழத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற தாதி போனை வாங்கிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். சிங்களத்தில்தான் பேசினார். கடைத்தெருவில் பேசிப் பழகிய என் சிங்களம் மூன்று வருடத்தில் துருப்பிடித்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் "சொறி, சொறி" என்று ஆங்கிலம் முந்திக்கொண்டு வந்தது.

"துவ" என்று கூப்பிட்டார். மகளே என்று அர்த்தம். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"நீங்க சொன்னது பொய் இல்ல துவ. எங்களுக்கும் தெரியும். அந்த மருந்து போடாத டியூப்பும் செய்றாங்களாம். எங்களுக்கு என்ன வருதோ அதத்தான் நாங்க மாட்டுறோம். ஆனா அத அப்பாகிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவரு கையில என்ன இருக்கு? டியூப்ப மாத்த முடியுமா அவரால? வாறதா, வராம விடுறதா, அது மட்டுந்தானே அவரு கையில இருக்கு?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சின்னப் பிள்ளை கடிக்கிற பொம்மைய நீங்க பறிக்கிறது சரி. பொம்மை இல்லாம பிள்ளை இருக்கும். இது இல்லாம இவரு எத்தனை நாள் இருப்பாருன்னு இப்ப பாத்துட்டோமே. கேக்கணும்னா செய்றவங்ககிட்ட கேளுங்க துவ. நீங்க இருக்கிற பக்கந்தானே அவங்க ஆபீஸ் எல்லாம். நாங்க கேட்டா யாருக்குக் கேக்குது?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவரும் சிங்களத்தில்தான் சொன்னார்: "மிஸ், அவளத் திட்டாதீங்க. நான்தான் மரத்துக் கணக்கப் போட்டேன்."

"நீங்க மரம் இல்ல சீயா" என்றார் தாதி. "மரத்துக்கு ஓய்வு குடுத்தா பால் ஊறும். உங்களுக்கு ஓய்வு குடுத்தா தண்ணி ஊறும்."

அடுத்த கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்க முயன்று இருமினார்.

7

என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் முக்கோணத்தைப் பார்க்கிறேன். சூடான கறியைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதில்லை. ஊரில் சுடுசோற்றை லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீனில் கட்டி, அதன் மேல் கொதிக்கும் பருப்பை ஊற்றி எத்தனை வருடம் சாப்பிட்டோம் என்று இப்போதும் கணக்குப் பார்க்கிறேன். அந்த ஷீட்டுக்கு இந்த மருந்து தேவைப்படாது என்று பிறகு வாசித்தேன். வாசித்ததை அரைவாசிதான் நம்பினேன்.

தாதி சொன்னபடி கடிதம் எழுதினேன். வாத்தை விற்ற கடைக்கு ஒன்று. மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு ஒன்று. டியூப் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாவது: இரத்தம் கழுவுபவர்களுக்கு இந்தப் பொருள் கலக்காத டியூப் உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் எந்த நாடுகளுக்கு அனுப்புகிறீர்கள், எந்த நாடுகளுக்கு அனுப்புவதில்லை? இரண்டு இடங்களிலிருந்து, முறைப்பாட்டைப் பதிந்ததாக ஓர் இலக்கம் மட்டும் வந்தது. ஓரிடத்திலிருந்து, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். சந்தேகப்படுவது தவறில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம்தான் தவறு.

அப்பாவிடம் எதையும் சொல்வதில்லை. அவருக்கு அது தெரிகிறது.

"வேற ஏதாச்சும் வாசிச்சியா தாயி?" என்று போன வாரம் கேட்டார்.

"இல்லப்பா."

"மெஷின் பழுதுன்னு நான் சொன்ன மாதிரியே சொல்ற" என்றார்.

மீனை நான் குப்பையில் போடவில்லை. போட்டுவிடத்தான் எடுத்தேன், முடியவில்லை. மூடி இறுக்கமான ஒரு ஜேம் போத்தலுக்குள் வைத்து ஜன்னலில் வைத்தேன். நிவி அதை மீன் தொட்டி என்று முடிவு செய்து தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது, அவள் பார்க்காத நேரத்தில், மோந்து பார்க்கிறேன். எந்த வாசனையும் இல்லை. அதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

திங்களும் வியாழனும் இங்கே காலை ஏழு மணிக்கு அங்கே அப்பாவுக்கு மாட்டுகிறார்கள். நிவிக்குச் சீருடை போட்டுக்கொண்டே அழைப்பேன். அவள் போத்தலைத் தூக்கிக் கமராவில் காட்டி, "தாத்தா, லுக், ஸ்விம்மிங்!" என்பாள்.

"நீந்துதா? நல்லது. சாப்பாடு போட்டுடாத, பெருத்துடும்" என்பார் அப்பா. பிறகு நான் கேட்காமலே போனைத் தன் கைப்பக்கம் திருப்புவார். "பாத்துக்க தாயி. ஓடுது."

ஒரு டியூபில் சிவப்பு வெளியே போகிறது. இன்னொரு டியூபில் திரும்பி வருகிறது. நர்சரிக்கு நேரம் பிந்துகிறது. நிவி சப்பாத்தைக் காலில் மாட்டி வாசலில் நின்று கூப்பிடுகிறாள். நான் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், துளியும் நம்பாத அந்த டியூபை, அது நின்றுவிடக்கூடாது என்று.